பழைய செட், புதுச் சண்டை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்துவிட்டால் டெல்டாவில் பல சாமான்கள் கைமாறும். டிராக்டருக்கு ஒரு ஆம்ப்ளிபையர், டாட்டா ஏஸுக்கு ஒரு சப்-ஊஃபர் பெட்டி, கல்யாண ஓட்டத்துக்குப் போகும் வேனுக்கு ஒரு டச் ஸ்கிரீன் செட். புதிதாக வாங்க மனம் வராதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். தெரிந்த மெக்கானிக், வாட்ஸ்அப் குழு, ஓஎல்எக்ஸ் என்று பல வழி உண்டு. சென்னைக்குப் போகிறவர் புதுப்பேட்டையில் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறார். செட்டும் நாலு நாள் நன்றாகப் பாடுகிறது. பிறகு ஒரு பக்க ஸ்பீக்கர் போகிறது, அல்லது ஆம்பில் சிவப்பு லைட் எரிந்து எல்லாமே நிற்கிறது. சண்டை அங்கே பிறக்கிறது.

இந்தச் சண்டைகளில் இரண்டு தரப்பும் ஆளுக்கு நாலு 'சட்டம்' சொல்வார்கள். அவற்றில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. மீதி, மின்சாரத்துக்கே ஒத்துவராதது. யார் விற்றார், என்ன சொல்லி விற்றார், கெட்டதும் வாங்கியவர் என்ன செய்தார் என்ற மூன்றையும் கேட்டாலே முக்கால்வாசி வழக்கு தெளிந்துவிடும். ஊரில் உலவும் நம்பிக்கைகள் இந்த மூன்றையும்தான் மறைக்கின்றன.

"பழைய சாமான்னா வாங்கினவன் தலையெழுத்து"

விற்றவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தரத்தைப் பற்றிப் பேசும் அதன் 16ஆம் பிரிவு, வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியிலிருந்தே தொடங்குகிறது. பிறகு விலக்குகளை வைக்கிறது. அந்த வகைச் சாமானை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் விவரம் சொல்லி வாங்கினால், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் இந்த நிபந்தனை உண்டு. புதிது, பழையது என்று சட்டம் இங்கே பிரிக்கவில்லை. பழைய பொருளிடம் எதிர்பார்க்கக்கூடிய தரம் குறைவு, அவ்வளவுதான்.

எவ்வளவு குறைவு? 1965இல் இங்கிலாந்தில் ஒரு ஜாகுவார் கார் வழக்கு இதைப் பேசியது. கிளட்ச்சில் கோளாறு இருப்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கடைக்காரர் விற்றார். வாங்கியவருக்குச் செலவு நினைத்ததைவிட அதிகமானது. பழைய காரில் குறைகள் இன்றோ நாளையோ தலைகாட்டும் என்று வாங்குபவர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று நீதிபதி டென்னிங் சொன்னார். கடைக்காரர் வென்றார். நம் சட்டம் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பதால் இந்தத் தீர்ப்பு நமக்கும் துணைக்கு வரும்.

சரி, விற்றவர் கடைக்காரர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர் தன் காரிலிருந்த செட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்றால்? தர நிபந்தனை அவரைக் கட்டாது. இங்கே விற்றவர் சொன்னது சரி. ஆனால் 15ஆவது பிரிவு தொழில்காரர், தனி ஆள் என்று பார்ப்பதில்லை. என்ன பொருள் என்று சொல்லி விற்றாரோ அந்தப் பொருளாகவே இருக்க வேண்டும் என்கிறது அது. இதற்கும் இங்கிலாந்தில் ஒரு பழைய கார் வழக்கு உண்டு. 1961ஆம் ஆண்டு ஹெரால்ட் கார் என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தார். அவர் வியாபாரி இல்லை. வாங்கியவர் நேரில் வந்து பார்த்துத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டவைத்த வண்டி. பின்பாதி மட்டுமே 1961 மாடல். இந்தச் சேதி விற்றவருக்கே தெரியாது. ஆனாலும் 1967இல் தீர்ப்பு வாங்கியவர் பக்கம் வந்தது.

ஆகவே வெளியே பயனியர் என்று பெயர் ஒட்டி, உள்ளே ஊர்பேர் தெரியாத போர்டு வைத்த செட்டை 'ஒரிஜினல் பயனியர்' என்று விற்றவர், 'எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க' என்று தப்ப முடியாது. 'ஒரு செட் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோ' என்று மட்டும் சொன்னவர் தப்பலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒரு வரி இந்த அளவுக்குப் பேசும்.

"ஆயிரம் வாட்ஸ்னு மேலேயே போட்டிருக்கே"

ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பிஎம்பிஓ என்ற பெயரில் வரும் எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. ஆர்எம்எஸ் என்று எழுதியிருப்பதுதான் ஆம்ப் தொடர்ந்து தரக்கூடியது.

ஸ்டிக்கரை நம்பாமல் ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்ப்பது சுலபம். 30 ஆம்பியர் ஃபியூஸ், வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். பெருக்கினால் 420 வாட். ஆம்ப் உள்ளே வாங்கிக்கொள்ளும் மின்சாரமே அவ்வளவுதான். பழைய ஏபி வகை ஆம்ப் அதில் பாதியையோ கொஞ்சம் கூடவோ பாட்டாக்கும். மீதி சூடாகப் போய்விடும். டி வகை என்றால் முக்கால் பங்குக்கு மேல் வெளியே வரும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பெட்டியிலிருந்து ஆயிரம் வாட் தொடர்ந்து வர வழியில்லை. அந்த எண்ணை நம்பிப் பெரிய ஊஃபரை மாட்டி, சத்தம் போதவில்லை என்று கெயினை முழுக்கத் திருகினால் ஆம்ப் முறிந்த அலையைத் துப்பும், ஊஃபரின் வாய்ஸ் காயில் கருகும். பிறகு 'ஊஃபர் டூப்ளிகேட்' என்று வேறொருவரிடம் போய்ச் சண்டை நடக்கும்.

விற்றவர் 'ஆயிரம் வாட் ஆர்எம்எஸ்' என்றே எழுதியிருந்தால் மேலே சொன்ன 15ஆவது பிரிவு வருகிறது. ஸ்டிக்கரைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் வாதம் இழுபறி.

"நாலு நாளில் செத்துச்சுன்னா, செத்ததைத்தான் தள்ளிவிட்டிருக்கான்"

இது வாங்கியவர்களின் பிரியமான நம்பிக்கை. பல சமயம் சரிதான். ஆனால் விற்ற நாளிலேயே குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. பழைய ஆம்பைப் புது வண்டியில் மாட்டும்போதே கொல்ல ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன.

டெல்டாவில் அடிக்கடி நடக்கக்கூடியது வோல்ட் விவகாரம். கார், டிராக்டர், டாட்டா ஏஸ் எல்லாம் 12 வோல்ட். பெரும்பாலான லாரியும் பஸ்ஸும் 24. கார் செட்டை நேராக லாரி ஒயரில் கொடுத்தால் அடுத்த நொடியே புகை வரும். இது தெரிந்த சிலர் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பார்கள். செட் பாடும்; ஆனால் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகி, சில மாதத்தில் இரண்டுமே வீணாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரைப் போடுவதுதான் முறை.

அடுத்தது எர்த். பாடியில் பெயிண்டைச் சுரண்டாமல் திருகிய எர்த், தேவைக்குப் பாதி தடிமனில் ஒயர், செம்பு பூசிய அலுமினிய ஒயரைச் செம்பென்று நம்பி வாங்கியது. இவற்றில் எது இருந்தாலும் சத்தம் கூட்டும்போது ஆம்புக்குப் போகும் வோல்ட் சரியும், ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். இரண்டு நான்கு-ஓம் ஊஃபரை இணையாகச் சேர்த்து இரண்டு ஓமாக்கி, பிரிட்ஜ் முறையில் கொடுத்துவிட்டு, புரோட்டெக்ஷன் லைட் எரிகிறது என்று புகார் சொல்பவரும் உண்டு. பெரும்பாலான ஆம்புகள் பிரிட்ஜில் நான்கு ஓமுக்குக் கீழே தாங்கா. மே மாதத்தில், மூடிய காரில், சீட்டுக்கடியில் காற்று போகாமல் வைத்த ஆம்ப் சூடேறித் தானாக நின்று, ஆறியதும் மறுபடி பாடினால் அது கெட்டுப்போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

டிராக்டருக்கு வேறு கதை. கார் ஆம்ப் கார் ஓடும் சாலைக்குச் செய்தது. வரப்பு ஏறி இறங்கும் அதிர்விலும், அறுவடை நேரத்துத் தூசியிலும் உள்ளே ஈயம் பிடித்த இடங்கள் மயிரிழையாக விரியும். தட்டினால் பாடும், விட்டால் நிற்கும். இதை விற்றவர் தலையில் கட்டுவது கஷ்டம்.

வெளிநாட்டுச் செட்டிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்புகிறவர்கள் டெல்டாவில் ஏராளம். 'ஜப்பான் செட்' என்றால் இங்கே தனி மதிப்பு. ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90களின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும். பழைய செட் என்றால் 90தான். நம் நாட்டில் 108 வரை போகிறது. காரைக்கால் வானொலியின் 100.3 அந்தச் செட்டில் எந்தக் காலத்திலும் வராது. ரேடியோ ரிப்பேர் என்று திருப்பிக் கேட்டால் விற்றவர் திருதிருவென்று விழிப்பார். சில கார் நிறுவனங்களின் ஒரிஜினல் செட், பேட்டரி இணைப்பை எடுத்தாலே பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்கும். எண்ணைத் தரமுடியாதவர் அந்தச் செட்டை எங்கே பிடித்தார் என்பது அடுத்த கேள்வி. திருட்டுப் பொருள் என்று ஆகிவிட்டால், விற்கும் உரிமையே இல்லாதவர் விற்றதால் 14ஆவது பிரிவுப்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொருள் உங்களிடம் தங்காது.

வாங்கும்போது பார்த்ததும் இங்கே கணக்கில் வரும். 'நீயே பாட்டுப் போட்டுக் கேட்டுத்தானே எடுத்துட்டுப் போனே' என்று விற்றவர் சொல்வார் அல்லவா? சட்டமும் அதைக் கேட்கிறது: நீங்கள் பார்த்த பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு நிபந்தனை கிடையாது. ஐந்து நிமிடம் பாட்டுக் கேட்டவருக்கு இரைச்சல், கிழிந்த கோன், வேலை செய்யாத பட்டன் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஓடிச் சூடேறினால்தான் தெரியும் குறைக்கு அந்த வாதம் செல்லாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் நான்கு ஓம் ஸ்பீக்கரை அளந்தால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமுக்கினால் உரசும் சத்தம் கேட்கக்கூடாது. இதெல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை.

"தண்ணி பட்ட செட்டா, வெயில்ல காயவெச்சா சரியாயிடும்"

2015 டிசம்பரில் சென்னை, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்ப் பகுதிகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் சென்னை. வெள்ளத்தில் முழுகிய வண்டிகளில் ரிப்பேர் செலவு கட்டாதவற்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் கணக்கு முடித்து ஏலத்தில் விட்டுவிடும். ஏலம் எடுத்தவர் வண்டியைப் பிரித்து விற்பார். உள்ளே இருந்த செட்டும் ஆம்பும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

காய்ந்ததும் பாடும் என்பது நிஜம். ஆனால் வெள்ளநீரோடு போன உப்பும் வண்டலும் போர்டிலேயே தங்கிவிடும். ஈரக்காற்றில் அவை மின்சாரத்தை வழிமாற்றும், செம்பைப் பச்சையாகத் தின்னும். ஐப்பசி கார்த்திகையில் செட் சாவது இதனால்தான். திருகுகளின் தலையில் துரு, ஒயர் சொருகும் இடத்தில் பச்சை, ஊஃபர் பெட்டியின் அடி மரம் ஊதியிருப்பது, கண்ணாடிக்குப் பின்னால் ஆவிக்கறை ஆகியவை அடையாளங்கள். கடலோரத்தில் வெள்ளம் வராமலேயே துரு வரும் என்பதால் துரு மட்டும் சாட்சியாகாது. பெட்டிக்குள் படிந்த சேறு சாட்சி.

முழுகியதைச் சொல்லாமல் விற்றால் மோசடியா? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு இங்கே ஒரு நுட்பமான கோடு இருக்கிறது. வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. சேற்றைக் கழுவி, துருப்பிடித்த திருகை மாற்றி, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் ஆகும். கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னாலும் ஆகும். அதனால் 'இது தண்ணியில முங்கினதாண்ணே?' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவையுங்கள். பதிலே வராவிட்டால் வேறு செட் பாருங்கள்.

"'விற்ற சாமான் வாபஸ் வாங்கப்பட மாட்டாது'ன்னு பில்லுலேயே இருக்கு"

இருக்கட்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். கடைகளில் சொல்லும் 'ஏழு நாள் செக்கிங் வாரண்டி' இந்த வகையில் ஒரு கெடு. 'நோ வாரண்டி, பார்த்து எடுத்துக்கோங்க' என்று இரண்டு பேரும் தெளிவாகப் பேசி முடித்திருந்தால் தர நிபந்தனையைச் சரக்கு விற்பனைச் சட்டமே விலக்கிவிட இடம் தருகிறது. விலை குறைத்ததும் அதற்காகத்தான் என்று கடைக்காரர் வாதிடலாம். பழையதைப் புதிதென்று விற்றவருக்கு மட்டும் எந்த வாசகமும் துணை வராது.

பில்லே தரவில்லை என்றால் வழக்கு இல்லை என்பது இதன் உடன்பிறந்த நம்பிக்கை. பில் தராததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். யுபிஐயில் பணம் போன பதிவு, பேசிய செய்திகள், சீரியல் எண் தெரியும் ஒரு படம் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்து, ஒரு படமும் எடுக்காமல், வாய்ப்பேச்சில் வாங்கியவர் பாடு திண்டாட்டம்.

கெட்டதும் செய்ய வேண்டியது, உடனே எழுத்தில் சொல்வது. நியாயமான காலம் தாண்டியும் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஊஃபர் பெட்டியைச் சுமந்துகொண்டு விற்றவர் வாசலுக்கு ஓட வேண்டியதில்லை. 'எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தெரிவித்தால் போதும் என்பது அதன் 43ஆவது பிரிவு. இது நம்மூரில் அநேகமாக யாருக்கும் தெரியாது.

"ஸ்டேஷனில் ஒரு கம்ப்ளெயிண்ட் கொடுத்தா அரண்டு போவான்"

அரளலாம். ஆனால் ஏமாற்றுக் குற்றம், அதாவது பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் நிற்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது சிவில் சமாச்சாரம். வணிகத் தகராறுகளில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே செட்டின் படத்தைக் காட்டி நாலு பேரிடம் முன்பணம் வாங்கியவர் மீது புகார் கொடுக்கப் போங்கள். போன ஆம்புக்காகப் போனால் 'பேசித் தீத்துக்கோங்கய்யா' என்பதுதான் கிடைக்கும்.

"கேஸ் போட்டா செட் விலையைவிடச் செலவு அதிகம்"

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இதில் உண்மை இருக்கிறது. அவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் வழியாகாது. சிவில் நீதிமன்றம் போக வேண்டும். எட்டாயிரம் ரூபாய் ஆம்புக்கு யார் போவார்? அதற்குப் பதிலாக வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்தில் வைக்கச் சொல்லலாம். கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பாதிப் பணம், செட் திருப்பி என்று முடிப்பதற்குப் பொருத்தமான இடம் அதுதான் என்பது என் கருத்து.

கடையில் வாங்கியவருக்குக் கணக்கே வேறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூரிலேயே மனுக் கொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை.

'வாடகைக்கு ஓட்டுற வண்டிக்கு வாங்கினே, நீ நுகர்வோரே இல்ல' என்று கடைக்காரர் மடக்கலாம். கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றைப் பற்றிய லக்ஷ்மி எஞ்ஜினியரிங் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான். தன் டிராக்டரைத் தானே ஓட்டுபவருக்கும் அந்த நியாயம் பொருந்தும். பத்து வேன் வைத்து ஆள்போட்டு ஓட்டுபவருக்குக் கஷ்டம்.

குறை பொருளிலா பொருத்தியதிலா என்று பார்த்ததும் புரியாவிட்டால், ஆணையம் முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை மனுதாரர்தான் முதலில் கட்ட வேண்டும். ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அங்கே போகும் ஆம்ப், ஏற்கெனவே மூன்று மெக்கானிக் பிரித்து, ஐசி மாற்றி, திருகு தொலைத்த ஆம்பாக இருந்தால் ஆய்வகத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கெட்ட அன்று எரிந்த ஃபியூஸையும் சேர்த்து, மூடி திறக்காமல் அப்படியே எடுத்துவைக்க வேண்டும்.